வேலையாட்களுக்கு அக்கறை வர வேண்டுமென்றால் முதலில் பஸ் நேரத்தைப் பாருங்கள்

கன்னியாகுமரி ஜில்லாவில் கருங்கல் என்ற ஊர்ப் பக்கம் ஒரு முந்திரி ஆலைக்குப் புதிதாக மேனேஜராகப் போயிருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். எண்பது பேர் வேலை. முக்கால்வாசி பெண்கள், மிச்சம் வடமாநிலத்துப் பையன்களும் நாலைந்து ஆபீஸ் ஆட்களும். “நேரத்துக்கு வருவதில்லை. சொல்லாமல் லீவு போடுகிறார்கள். கையில் எப்போதும் போன். வேலை முடிந்தால் இடத்தைக் கூட்டாமல் கிளம்பிவிடுகிறார்கள். கூட்டம் போட்டுப் பேசினால் தலையை ஆட்டுகிறார்கள், மறுநாள் பழைய கதைதான். மோட்டிவேஷன் கிளாஸ் வை, கைரேகை மெஷின் வாங்கிப் போடு, ஒரு மாசத்தில் மாற்றிக் காட்டு என்கிறார் முதலாளி. எங்கே ஆரம்பிக்க?” இதுதான் கேள்வி.

தம்பி, கிளாஸை இப்போதைக்கு ஒத்திப் போடுங்கள். மெஷினைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முந்திரி, மீன்வலை, ஜவுளி என்று இந்த ஜில்லாவில் பல இடத்தில் ஆட்களை வைத்து வேலை வாங்கியவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். நீங்கள் அடுக்கிய நாலு குறைக்கும் பின்னால் சோம்பேறித்தனம் இருப்பதாக முதலாளி நினைக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்களுடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு ஆள் வேலையில் மனசைக் கொடுப்பதும் கொடுக்காமல் இருப்பதும் எதனால் என்று வில்லியம் கான் என்ற அமெரிக்கர் ஆராய்ந்து 1990-இல் எழுதினார். கோடை முகாமில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்களையும் ஒரு கட்டடக்கலை நிறுவனத்து ஆட்களையும் கூடவே இருந்து கவனித்தவர். மூன்று விஷயம் வேண்டும் என்றார். செய்கிற வேலைக்கு ஒரு அர்த்தம் தெரிய வேண்டும். வாயைத் திறந்தால் அவமானப்பட மாட்டோம் என்ற தைரியம் வேண்டும். அதற்கெல்லாம் உடம்பிலும் மனசிலும் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும். நம் மேனேஜர்கள் முதலாவதைப் பற்றித்தான் மைக் பிடித்துப் பேசுவார்கள். அண்டியாபீஸ் என்று நாம் சொல்கிற முந்திரி ஆலையில் வேலை பார்க்கிற ஒரு அக்காவுக்கு முதலில் அடிபடுவது மூன்றாவது.

அதனால் தாமதத்திலிருந்து ஆரம்பியுங்கள். வருகைப் பதிவேட்டை எடுத்து, லேட்டாக வந்தவர்கள் பெயருக்கு நேராக அவர்கள் ஊரையும், எந்த பஸ்ஸில் வருகிறார்கள் என்பதையும் எழுதிப் பாருங்கள். இரண்டு வாரம் எழுதினால் போதும். இருபது பேர் லேட் என்று நினைத்தது, இரண்டு பஸ்ஸும் ஒரு ரயில்வே கேட்டும் என்று சுருங்கிவிடும். எட்டு மணிக்குப் பெல் அடிக்கிறது, அந்த வழியில் வரும் பஸ் எட்டு ஐந்துக்குத்தான் ஸ்டாப்பில் நிற்கிறது, அதற்கு முந்தியது ஏழு மணிக்கு என்றால் ஏழு மணி பஸ்ஸை எந்தத் தாயும் பிடிக்க மாட்டாள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்ப வேண்டும். வீட்டுக்காரர் கடலுக்கோ கேரளத்துக்குக் கட்டட வேலைக்கோ போயிருப்பார், உதவிக்கு ஆள் கிடையாது. பெல்லை எட்டே காலுக்குத் தள்ளி, சாயங்காலம் கால் மணி நேரம் சேர்த்துக்கொண்டால் முதலாளிக்கு என்ன நஷ்டம்? இதைச் செய்த பிறகும் லேட்டாக வருபவர் நாலு பேர் இருப்பார்கள். அந்த நாலு பேரிடம் பேசுவது வேறு கணக்கு. இப்போது எண்பது பேரையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் பதிவேட்டில் தெரியும். வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாள் காலையில் மட்டும் ஒரே ஊர்க்காரர்கள் ஐந்தாறு பேர் அரை மணி நேரம் பிந்துவார்கள். மைக்ரோஃபைனான்ஸ் குழுவில் தவணை கட்டுகிற நாள் அது. குழுவில் எல்லோரும் வந்து உட்கார்ந்து பணத்தை எண்ணிக் கொடுத்த பிறகுதான் எழுந்து வர முடியும். அதை மேனேஜரிடம் சொல்ல வெட்கம், அதனால் “பஸ் கிடைக்கல சாரே” என்பார்கள். கேட்டுத் தெரிந்துகொண்டு அந்த நாளில் அவர்களுக்கு மட்டும் நேரத்தை மாற்றிக் கொடுத்த ஒரு ஆலையை எனக்குத் தெரியும். கடன் விஷயத்தில் மானத்தைக் காப்பாற்றிய மேனேஜரை அந்தப் பெண்கள் லேசில் விட்டுக்கொடுப்பதில்லை.

லீவுக்கும் இதே வைத்தியம்தான். நம் ஜில்லாவில் யார் எப்போது லீவு போடுவார்கள் என்பது ஜனவரியிலேயே பாதி தெரிந்துவிடும். மாசிக் கொடைக்கு மண்டைக்காடு, சிவராத்திரிக்குப் பன்னிரண்டு கோயிலும் ஓடுகிற சிவாலய ஓட்டம், ஆடி அமாவாசைக்குக் குழித்துறை வாவுபலி, டிசம்பர் 3-இல் முடிகிற கோட்டாறு சவேரியார் திருவிழா. இது போக ஒவ்வொரு சர்ச் பங்குக்கும் பத்து நாள் திருவிழா, ஒவ்வொரு அம்மன் கோயிலுக்கும் கொடை என்று ஒரு திருவிழா. தங்கள் ஊர்த் திருவிழாவின் கடைசி இரண்டு நாளும் வேலைக்கு வா என்றால் வர மாட்டார்கள், வரவும் கூடாது. ஒரு பெரிய காலண்டரைச் சுவரில் மாட்டி, “உங்க ஊர் கொடை எப்போ, திருவிழா எப்போ, வீட்டுக் கல்யாணம் எப்போ, நீங்களே பேர் எழுதுங்க” என்று பேனாவைக் கட்டித் தொங்கவிடுங்கள். சொல்லாமல் போகிற லீவு என்பது பெரும்பாலும் கேட்டால் கிடைக்காது என்று தெரிந்து போகிற லீவு. எழுதி வைத்தவருக்கு மறுக்காமல் கொடுத்துவிடுங்கள், எழுதாமல் போனவரிடம் காரணம் கேளுங்கள். ஜூனிலும் ஒரு மழைக்காலம், அக்டோபரில் இன்னொன்று என்று இரண்டு பருவமழை வாங்குகிற மண் இது. மழை நாளுக்கென்று ஒரு தனி ஏற்பாடும் காலண்டரிலேயே இருக்கட்டும்.

இனி வேலைக்குள் வருவோம். இங்கேதான் நான் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் ‘அக்கறையில்லாத ஆள்’ என்று பெயர் வாங்கியவர்களில் பாதிப்பேர் இங்கே அநியாயமாகப் பெயர் வாங்கியவர்கள்.

உடைத்தெடுத்த பருப்பு போர்மா என்கிற சூட்டறையில் ஆறேழு மணி நேரம் காய்ந்து தொலி உரிக்கிற மேசைக்கு வருகிறது, இல்லையா? சூடு பத்தாவிட்டால் தொலி இளகாது. அந்த அக்கா கத்தியை வைத்துச் சுரண்ட வேண்டும். சுரண்டினால் பருப்பில் வடு விழும், தரம் இறங்கும், எடையும் ஏறாது. சூடு கூடிப்போனால் பருப்பு சருகு மாதிரி ஆகி, கை வைத்ததும் பிளந்துபோகும். போர்மாவிலிருந்து இறக்கி நன்றாக ஆற விடாமல் அவசரத்துக்குக் கொண்டுவந்து கொட்டினாலும் உடைசல் கூடும். இத்தனையும் போர்மாக்காரர் கையில் இருக்கிறது, இல்லாவிட்டால் தட்டுகளை அடுக்கிய முறையில் இருக்கிறது. ஆனால் சாயங்காலம் தராசில் எடை குறைந்தால் திட்டு வாங்குவது யார்? மேசையில் உட்கார்ந்தவள். கிலோ கணக்கில் கூலி என்பதால் திட்டோடு கூலியும் போச்சு.

ஜப்பான்காரர்களுக்குத் தரக்கட்டுப்பாடு சொல்லிக்கொடுத்த டெமிங், குறைகளில் 94 சதவீதம் வேலை அமைந்திருக்கும் முறையால் வருபவை, அதைச் சரிசெய்வது நிர்வாகத்தின் பொறுப்பு என்பார். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு சண்டை போட வேண்டாம், அது அவர் அனுபவக் கணக்கு. ஆனால் ஒரு நாள் நீங்களே தொலி உரிக்கிற மேசையில் உட்கார்ந்து அரைக் கிலோ உரித்துப் பாருங்கள். ஒரு தட்டு எளிதாக வரும், அடுத்த தட்டு உயிரை வாங்கும். எந்தத் தட்டு போர்மாவின் எந்த மூலையிலிருந்து வந்தது என்று அதில் சாக்பீஸால் எண் எழுதச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் போர்மாவின் எந்த மூலை சூடு பிடிக்கவில்லை என்று தெரிந்துவிடும். அதைச் சரிசெய்தால், ஒரு வார்த்தை ஊக்கம் பேசாமலே எடை ஏறும். அதைவிடப் பெரிய லாபம், நாம் சொன்னால் நடக்கிறது என்று அந்த மேசைக்குத் தெரிந்துவிடும்.

காலைக் கூட்டமும் இதற்காகத்தான். உங்கள் கூட்டத்தில் தலையாட்டுகிறார்கள் என்றால், அங்கே நீங்கள் மட்டும் பேசுகிறீர்கள் என்று அர்த்தம். மைக் வேண்டாம், நாற்காலி வேண்டாம். பிரிவு பிரிவாக, நின்றுகொண்டே, ஏழெட்டு நிமிஷம். நேற்று எவ்வளவு, இன்றைக்கு எந்த லாட், நேற்று கைக்குத் தடையாக இருந்தது எது. மூன்றாவது கேள்விக்கு முதல் சில நாள் பதிலே வராது. அப்போது இரண்டு நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டும், அதுதான் கஷ்டம். பிறகு ஒரு நாள் இப்படிப் போகும்:

“நேற்று என்ன இடைஞ்சல் அக்கா?”

“ஒண்ணும் இல்ல சாரே.”

“எடை ரெண்டு கிலோ குறைஞ்சிருக்கே.”

“அந்த லாட்டுல தொலி இளகல்ல. சொன்னா மேஸ்திரி ஏசுவாரு. நமக்கு எதுக்கு வம்புண்ணு இருந்தேன்.”

இந்த இடத்தில் மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்து முறைத்தீர்களானால் கூட்டம் அன்றோடு செத்தது. “சரி, இன்னைக்கு அந்தத் தட்டைத் தனியா வையுங்க, பத்து மணிக்கு நான் வந்து பாக்கேன்” என்று சொல்லிவிட்டு, பத்து மணிக்குப் போய் நிற்க வேண்டும். பத்தரைக்குப் போனாலும் கதை முடிந்தது. ஒரு பலகையில் யார் என்ன சொன்னார், எந்தத் தேதி, என்ன ஆச்சு என்று மூன்று கட்டம் போட்டு எழுதுங்கள். முடியாதது என்றால் முடியாது, இன்ன காரணம் என்று எழுதுங்கள். மூன்றாவது கட்டம் காலியாகவே கிடக்கிற பலகை, பலகையே இல்லாததைவிட மோசம்.

மேஸ்திரி என்றதும் ஞாபகம் வருகிறது. காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம், ஒரு குழு எவ்வளவு ஈடுபாட்டோடு வேலை செய்கிறது என்பதில் இருக்கும் ஏற்றத்தாழ்வில் 70 சதவீதமாவது நேரடி மேலாளரைப் பொறுத்தது என்று 2015-இல் சொன்னது. உங்கள் ஆலையில் அந்த நேரடி மேலாளர் நீங்கள் இல்லை, மேஸ்திரிதான். ஐம்பத்தைந்து வயது அம்மாவை “ஏ, இவளே” என்று கூப்பிடுகிற மேஸ்திரி ஒருவர் இருந்தால் நீங்கள் வைக்கிற எந்தத் திட்டமும் அந்தப் பிரிவுக்குள் நுழையாது. வயதுக்கு மூத்தவரை அக்கா, அம்மா என்று கூப்பிடுவது, குறையைத் தனியாக அழைத்துச் சொல்வது, வீட்டுக்காரரை இழுத்துப் பேசாமல் இருப்பது: இந்த மூன்றையும் மேஸ்திரிகளிடம் கறாராகக் கேளுங்கள். உற்பத்தி கொஞ்சம் குறைந்தால் பொறுத்துக்கொள்ளலாம், இதில் பொறுக்காதீர்கள். பத்துப் பேர் இருந்தாலே பாலியல் தொல்லை புகாரை விசாரிக்க உள் குழு வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. உங்கள் ஆலையில் அது வெறும் நோட்டீஸாகச் சுவரில் இருக்கிறதா, கூடிப் பேசுகிற குழுவாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுப் பழக்கம் ஒன்றைக் கொண்டுவர வேண்டும் என்றால், முதலில் எதைக் கேட்பது? முதலாளிக்கு லாபம் தருவதைக் கேட்காதீர்கள். அலுமினியம் செய்யும் அல்கோவா நிறுவனத்துக்கு 1987-இல் தலைவராக வந்த பால் ஓநீல், லாபக் கணக்கை எதிர்பார்த்து வந்த முதலீட்டாளர்களிடம் தொழிலாளிக்குக் காயம் படாமல் இருப்பதுதான் என் முதல் வேலை என்றார். அவர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் காயம் குறைய வேண்டுமானால் மெஷின் சரியாக ஓட வேண்டும், கீழே இருப்பவர் சொல்வது மேலே போக வேண்டும். ஒன்றைப் பிடித்து இழுத்ததில் மற்றதும் கூடவே வந்தது. உங்கள் இடத்தில் அது உடைப்புப் பிரிவு. ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் விரலைப் பொத்துப் பொசுக்கிவிடும். கையுறை கொடுத்திருப்பதாகச் சொல்வீர்கள். போட்டால் கை வழுக்குகிறது, வேகம் குறைகிறது, கூலி குறைகிறது என்பதால் கழற்றி வைத்துவிட்டு எண்ணெயும் சாம்பலும் பூசிக்கொள்கிறார்கள். எந்த மாதிரி உறை போட்டால் வேகம் குறையாது என்று அவர்களையே நாலைந்து வகை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தேர்ந்தெடுத்ததைக் கிழியக் கிழிய மாற்றிக் கொடுங்கள். கிழிந்த உறைக்கு ஸ்டோரில் ஒப்புதல் சீட்டு கேட்டால் மறுநாளே பழையபடி சாம்பல்தான்.

இடத்தைக் கூட்டாமல் போகிறார்கள் என்கிறீர்களே, அந்தப் பத்து நிமிஷத்துக்குக் கூலி உண்டா? கிலோவுக்குத்தானே கூலி, விளக்குமாற்றைத் தொட்ட நிமிஷம் கணக்கில் வராது. கூலியில்லாத வேலையை அக்கறை என்று பெயர் மாற்றிக் கேட்கக் கூடாது, தம்பி. அதற்கு ஒரு சின்னத் தொகை வைத்துவிடுங்கள், இல்லையென்றால் அதற்கென்று ஆள் போடுங்கள். தொகை வைத்த பிறகு பழக்கமாக்குவது எளிது. சாயங்காலம் தராசில் தன் தட்டை வைக்குமுன் தன் மேசையைத் துடைப்பது என்று ஒரு செயலோடு இன்னொன்றைக் கட்டிவிட வேண்டும். ‘இது நடந்ததும் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள், வெறுமனே ‘செய்ய வேண்டும்’ என்று நினைத்தவர்களைவிட அதிகம் செய்துமுடிக்கிறார்கள் என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் காட்டியிருக்கிறார். துடைக்கும் துணி தராசுப் பக்கத்திலேயே தொங்க வேண்டும். ஸ்டோர் ரூமில் பூட்டி வைத்திருந்தால் யாரும் போய் எடுக்க மாட்டார்கள்.

போன் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சாப்பிடுகிற பொருள், போன் தொட்ட கையால் தொடக் கூடாது, அதுதான் காரணம். அதைச் சொல்லி வாசலில் ஒரு அலமாரி வையுங்கள். பள்ளிக்கூடத்திலிருந்து அவசரமாகக் கூப்பிட ஆபீஸ் நம்பர் ஒன்றைக் கொடுத்து, வந்த அழைப்பை ஓடிப்போய்ச் சொல்ல ஒரு ஆளையும் வையுங்கள். முதலாளி மகன் காதில் போனோடு மேசைக்கு நடுவே நடந்தால் இந்தச் சட்டம் அன்றே ரத்து.

பரிசைப் பற்றியும் கேட்பார்கள். மாசத்துக்கு ஒருவர் படத்தை மாட்டுவது எனக்குப் பிடிக்காது, எழுபத்தொன்பது பேர் வயிற்றெரிச்சல்தான் மிச்சம். அதிக எடைக்குப் பரிசு வைத்தால் உடைசல் கூடும், இது நிச்சயம். அதற்குப் பதில் அவரவர் கணக்கை அன்றன்றே அவரவருக்குக் காட்டுங்கள்: எவ்வளவு உரித்தார், அதில் முழுப்பருப்பு எவ்வளவு. கூடவே தரம் என்றால் என்ன என்றும் சொல்லுங்கள். டபிள்யூ 320 என்று பெட்டியில் எழுதுகிறோமே, ஒரு பவுண்டு எடைக்கு 300 முதல் 320 முழுப்பருப்பு என்று அர்த்தம். டபிள்யூ 180 என்றால் 170 முதல் 180-தான், அதனால்தான் அதற்கு அந்த விலை. பல வருஷம் உரித்துக்கொண்டிருப்பவர்களுக்கே இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்த கொட்டை தன் கையில் பிளக்காமல் தப்பினால் எந்தப் பெட்டிக்குப் போகும், பிளந்தால் எங்கே போகும் என்று ஒருமுறை பேக்கிங் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். கான் சொன்ன அர்த்தம் என்பது இதுதான். போஸ்டரில் வராது.

உட்காரும் இடம், கக்கூஸ், குடிதண்ணீர் எல்லாம் அக்கறையை வரவழைக்காது, ஆனால் இல்லாவிட்டால் இருக்கிற அக்கறையும் போய்விடும். 1959-லேயே ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளர் கோடு கிழித்துச் சொன்னது இது. கடைகளில் நிற்பவர்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று கேரளம் 2018-இலும் தமிழ்நாடு 2021-இலும் சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது என்றால் நம் லட்சணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் இடத்தில் பிரச்சினை நேர்மாறு: நாள் முழுக்கத் தரையோடு குனிந்த உட்காரல். மேசையைக் கொஞ்சம் உயர்த்தி, முதுகு சாய்க்க ஒரு நாற்காலி. கக்கூஸ் சரியில்லை என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்கள் எத்தனை பேர் என்று ஒரு பெண்ணை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். மத்தியானத்துக்கு மேல் வேகம் ஏன் குறைகிறது என்று தெரிந்துவிடும்.

வடமாநிலத்துப் பையன்களைத் தனித் தீவாக விட்டுவிடாதீர்கள். பேசுவது அசாமியா, ஒடியாவா, ஹிந்தியா என்று கேட்டு, அந்தந்த மொழியில் ஒரு ஆளைக் காலைக் கூட்டத்தில் சொல்லவைக்கலாம். அவர்களுடைய லீவு கணக்கே வேறு. வாரத்துக்கு அரை நாள் தேவையில்லை, வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மாசம் வேண்டும். ரயில் டிக்கெட் பதிவு செய்யும்போதே லீவை உறுதி செய்துகொடுத்தால் போனவர்கள் திரும்பி வருவார்கள்.

முதலாளி கேட்ட ஒரு மாசத்துக்கு என்ன சொல்வது? ஒரு புதுப் பழக்கம் யோசிக்காமலே செய்கிற அளவுக்குப் படிய சராசரியாக 66 நாள் ஆகிறது, ஆளைப் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை போகிறது என்று லண்டனில் பிலிப்பா லாலியும் கூட்டாளிகளும் கண்டார்கள். 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு. ஒரு மாசத்தில் பஸ் நேரம், காலண்டர், போர்மா மூலை, இந்த மூன்றும் முடியும் என்று சொல்லுங்கள். மேசை துடைப்பதும் கையுறையும் பழக இன்னும் சில மாசம் ஆகலாம். ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மேல் கேட்காதீர்கள்.

அப்புறம் அந்தக் கைரேகை மெஷின். உடைப்புப் பிரிவில் வருஷக்கணக்காக வேலை பார்த்தவர்கள் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? எண்ணெயில் வெந்து ரேகை தேய்ந்துபோயிருக்கும். ரேஷன் கடையிலேயே அவர்களுக்கு மெஷின் தகராறு செய்கிறது. நீங்கள் வாங்கி மாட்டினால், நேரத்துக்கு வந்தவரும் வரிசையில் நின்று மூன்று தடவை விரலை வைத்து, நாலாவது தடவை லேட் என்று பதிவாவார். கட்டாயம் மெஷின்தான் வேண்டும் என்றால் அட்டையைக் காட்டுகிற மெஷினைப் பாருங்கள், அதுவும் பெல் நேரத்தை மாற்றிய பிறகு.